ஸ்மார்ட்போனை விட நினைக்கும் சென்னைப் பிள்ளைகளுக்கு

பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் வந்து, "எனக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், பட்டன் போன் போதும்" என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. யாரோடு சண்டை, மார்க் குறைந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். காரணம் அதைவிடச் சாதாரணமாக இருக்கலாம். ராத்திரி தூங்கப் போகும்போது எடுத்த போனைக் கீழே வைக்க முடியாமல், காலையில் கண் எரிய எழுந்து, இந்தப் பழக்கம் பிடிக்காமல் போயிருக்கலாம். அப்படி முடிவெடுத்தவர்களுக்காகவும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் இப்படி மாறினாள். அவளுக்கு உதவியபோது தெரிந்துகொண்டதும், அவளுடைய தோழிகள் என்னிடம் கேட்ட கேள்விகளும்தான் இதில் பெரும்பகுதி.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் போன் நாள் முழுக்கப் பல வேலைகள் செய்கிறது. எழுப்புகிறது, ஹோம்வொர்க் காட்டுகிறது, வழி சொல்கிறது, காசு கொடுக்கிறது, வீட்டுக்குத் தகவல் சொல்கிறது. போனை விட்டாலும் அந்த வேலைகள் அப்படியே இருக்கும். நீங்கள் ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் அவை எல்லாம் பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை அம்மா படித்துச் சொல்ல வேண்டும், ஆட்டோவை அம்மா புக் செய்ய வேண்டும், உங்கள் தோழி அழைத்தால் அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து எடுக்க வேண்டும். அது எளிமையான வாழ்க்கை ஆகாது. உங்கள் வேலையை இன்னொருவர் செய்கிறார், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் வேறு வழி ஒன்றை நீங்களே கண்டுபிடித்து வைத்த பிறகுதான் போனை விட வேண்டும். சென்னையில் அதற்கு வழி இருக்கிறது. பஸ், நூலகம், ரேடியோ, தெருமுனையில் கேட்டால் வழி சொல்லும் மனிதர்கள் என்று எல்லாம் இன்னும் இந்த ஊரில் இருக்கிறது.

நீங்கள் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பள்ளி மாணவர்கள் சிலர் 'லடைட் கிளப்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிராஸ்பெக்ட் பூங்காவில் கூடிப் புத்தகம் படிப்பார்கள், படம் வரைவார்கள். 2022-ல் செய்தித்தாள்களில் வந்த பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பெயர் 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கம் ஆலை இயந்திரங்களை உடைத்த நெசவுத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. அவர்களே இயந்திரம் இயக்கத் தெரிந்தவர்கள்தான். தங்கள் கூலியையும் பிழைப்பையும் கெடுத்த இயந்திரங்களைத்தான் எதிர்த்தார்கள். நம் பக்கத்தில் ஜே.சி. குமரப்பாவைச் சொல்லலாம். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்கியல் படித்து பம்பாயில் தொழில் செய்தவர். காந்தியைச் சந்தித்த பின் அதை விட்டுவிட்டுக் கிராமத் தொழில்களுக்காக உழைத்தார், பிற்காலத்தில் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். ஒரு பொருளை வாங்கும்போது அதற்குப் பின்னால் யார் என்ன பாடுபட்டார்கள் என்று பார்க்கச் சொன்னவர் அவர். எளிமையாக வாழ நினைக்கும் யாரும் அந்தக் கேள்வியைத் தன் வீட்டுக்குள்ளும் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் வாரம் எதையும் விடாதீர்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனை எடுக்கும்போதெல்லாம் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள். மணி, பஸ், ஹோம்வொர்க், கால்குலேட்டர், பாட்டு, சும்மா. பொய் எழுத வேண்டாம், யாரும் பார்க்கப் போவதில்லை. வாரக் கடைசியில் 'சும்மா' என்று எழுதியவற்றைத் தனியாகப் பிரியுங்கள். மீதி இருப்பவை உண்மையான வேலைகள். அந்தப் பட்டியல் நீங்கள் பயந்த அளவுக்கு நீளமாக இருக்காது. இனிமேல் இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் அந்தப் பட்டியலுக்குத்தான்.

இதே வாரத்தில் அலாரம் கடிகாரம் ஒன்றும் கைக்கடிகாரம் ஒன்றும் வாங்கிவிடுங்கள். மணி பார்க்கப் போனை எடுப்பதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வாசல். கைக்கடிகாரம் கட்டிய மறுநாளே வித்தியாசம் தெரியும். அலாரம் கடிகாரம் படுக்கையிலிருந்து கை எட்டாத இடத்தில் இருக்கட்டும். தேதி பார்க்கச் சமையலறைச் சுவரில் தினசரி கிழிக்கும் காலண்டர் ஏற்கெனவே தொங்கும். அதைக் கிழிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேசுவது

அப்பா, அம்மாவின் கவலை ஒன்றே ஒன்றுதான். எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் போய்விடுமே என்பது. பெண் பிள்ளைகள் வீட்டில் இந்தக் கவலை இன்னும் அதிகம். லைவ் லொகேஷன் பார்த்தே பழகியவர்களிடம் "அதெல்லாம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் கூடாது. பதிலுக்கு என்ன தருகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிளம்பும்போது எங்கே, யாரோடு, எந்த பஸ்ஸில் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஹாலில் இருக்கும் பலகையிலோ காலண்டரின் பின்பக்கத்திலோ எழுதிவிட்டுப் போவேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். சொன்ன நேரத்தைத் தாண்டினால் தாண்டும் முன்பே ஒரு போன். உடன் வரும் தோழியின் வீட்டு எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும். இதை ஒருமுறைகூடத் தவற விடாமல் இருந்தால்தான் நம்பிக்கை வரும். முதல் மாதத்தில் நண்பர்களை விட, படிப்பை விட, இதில்தான் கவனம் வேண்டும் என்பேன்.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்பார்கள். "வாழ்க்கை முழுக்க" என்று சொல்லிவிடாதீர்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து அரையாண்டு வரை என்று கேளுங்கள். ஏறக்குறைய மூன்று மாதம். அதற்குள் தீபாவளி விடுமுறையும் வரும், மழைக்காலமும் வரும், தேர்வும் வரும். ஏற்பாடு தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

அப்புறம், எண்களை மனப்பாடம் செய்யுங்கள். அம்மா, அப்பா, பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவர். மூன்று எண்கள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோதும் இந்த ஊரில் செல்போன் டவர்கள் வேலை செய்யாமல் போயின. சார்ஜ் போட மின்சாரமும் இல்லை. யார் வீட்டுப் போனாவது வேலை செய்தால் எந்த எண்ணை அழைப்பது என்று தலைக்குள் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு 1098, பெண்களுக்கு 181. எல்லாம் பட்டன் போனிலிருந்தே போகும்.

எந்தப் போன் வாங்குவது

முதலில், போனே வேண்டுமா என்று பாருங்கள். பள்ளி நடந்து போகும் தூரம், டியூஷன் அடுத்த தெரு என்றால் வீட்டு லேண்ட்லைனே போதும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் பெரும்பாலும் அதோடு லேண்ட்லைன் எண்ணும் சேர்ந்தே வந்திருக்கும், யாரும் கருவி வாங்கி மாட்டியிருக்க மாட்டார்கள். லேண்ட்லைன் ஹாலில் இருப்பதால் பேச்சும் அளவோடு முடியும்.

வெளியே சுற்றுபவர்களுக்குப் பட்டன் போன் வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாகக் கிடைக்கும், உங்கள் ஏரியா மொபைல் கடையிலும் கிடைக்கும். வாங்கும் முன் சிம் எந்த நிறுவனத்துடையது என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. ஜியோ சிம்மை 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனில் போட்டால் சிக்னல் வராது, 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம் என்றால் 2ஜி போன் இப்போதைக்கு வேலை செய்யும், ஆனாலும் சில வருஷம் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு 4ஜி பட்டன் போனே நல்லது. அதில் ஒரு எச்சரிக்கை. 4ஜி பட்டன் போன்கள் சிலவற்றில் யூடியூப் ஷார்ட்ஸ் கூட வருகிறது. கடைக்காரர் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார். நீங்கள் அது இல்லாததாகக் கேளுங்கள். தமிழ் எஸ்எம்எஸ் படிக்க முடிகிறதா, கழற்றும் பேட்டரியா, எஃப்எம் இருக்கிறதா, இயர்போன் மாட்டாமலே எஃப்எம் எடுக்குமா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். உங்கள் சிம் நானோ அளவில் இருந்து போனில் பெரிய துளை இருந்தால், சின்ன பிளாஸ்டிக் அடாப்டர் கேளுங்கள்.

எண்ணை மாற்ற வேண்டாம். ஆதார், பள்ளி, வங்கி எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருக்கலாம். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாகத்தான் வருகிறது, அதைப் பட்டன் போன் நன்றாகவே காட்டும். ரீசார்ஜ் செய்யும்போது டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தைக் கேளுங்கள். அப்படி ஒரு திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பழைய போனில் இருக்கும் எண்களைக் கையால் நோட்டில் எழுதுங்கள். பாதி எண்கள் யாருடையவை என்றே தெரியாது, விட்டுவிடலாம்.

கணக்குகளை மூடுவது

ஆப்பை நீக்குவதும் கணக்கை நீக்குவதும் வேறு வேறு. வாட்ஸ்அப்பை வெறுமனே நீக்கினால் நீங்கள் குரூப்களில் இருந்துகொண்டே இருப்பீர்கள். அனுப்புபவர்களுக்கு ஒரு டிக் மட்டும் விழும், "என்னடா, பதிலே இல்லை" என்று கோபம் வரும். நல்ல நட்புகள்கூட இதில் கெடும். அதனால் ஒரு வாரத்துக்கு முன்பே, இன்ன தேதிக்குப் பின் இங்கே இருக்க மாட்டேன், இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று நெருங்கியவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் போய்க் கணக்கையே நீக்குங்கள், எல்லாக் குரூப்பிலிருந்தும் பெயர் தானாகப் போய்விடும். இன்ஸ்டாகிராம் கணக்கை நீக்கச் சொன்னால் 30 நாள் காத்திருந்து அழிக்கும். அதற்குள் மறுபடி உள்ளே நுழைந்தால் நீக்கம் ரத்தாகிவிடும். அந்த முப்பது நாளைக் கடப்பதுதான் பலருக்குக் கஷ்டம், அதனால் பாஸ்வேர்டை நீளமாக மாற்றி, எழுதி வைக்காமல் விட்டுவிடுவது ஒரு வழி.

ஜிமெயிலை மட்டும் நீக்காதீர்கள். நீட், ஜேஇஇ விண்ணப்பங்களுக்கு இமெயில் கட்டாயம். இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்குகளை கூகுள் அழித்துவிடலாம் என்பதால் அவ்வப்போது கணினியில் திறந்து பாருங்கள். படங்களை வீட்டுக் கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்கள். மிகவும் பிடித்தவற்றை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள். பாட்டி வந்தால் கையில் கொடுத்துக் காட்டலாம்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பல பள்ளிகளில் ஹோம்வொர்க், யூனிட் டெஸ்ட் தேதி, நாளைக்கு என்ன நிறச் சட்டை என்பதுவரை குரூப்பில்தான் வருகிறது. இதற்கு மூன்று ஏற்பாடுகள் சேர்ந்து வேண்டும். வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். மாணவர் தானாக இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஆசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள், கரும்பலகையில் எழுதிப்போடவும் செய்வார்கள். அடுத்து, கடைசி மணி அடித்ததும் பையை மாட்டும் முன் ஹோம்வொர்க்கைப் பள்ளி டைரியில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு, அதே வகுப்பில் படிக்கும் நண்பர் ஒருவரோடு மாலை ஏழு மணிக்கு இரண்டு நிமிடப் போன். ஏதாவது புதிதாக வந்ததா என்று மட்டும் கேட்க. அவருக்கு நீங்கள் திருப்பிச் செய்ய ஏதாவது இருக்கட்டும். கணக்குச் சொல்லித் தரலாம், நோட்ஸ் கொடுக்கலாம்.

பிடிஎஃப் வந்தால்? அம்மாவின் போனில் அந்தக் குரூப் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில், ஹாலில் நின்றபடியே நீங்களே பாருங்கள். அம்மாவைப் படித்துச் சொல்ல வைக்காதீர்கள். வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தால் அது உங்கள் போனாக மாறிவிடும், ஆகவே நின்றுகொண்டு பார்ப்பதை விதியாகவே வையுங்கள்.

மேப் இல்லாமல் ஊரில் நடமாடுவது

இந்த ஊரில் வழி தெரிந்துகொள்ள முதல் பாடம், கிழக்கே கடல். வெயில் நாளில் பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் அது வரும் பக்கம் கிழக்கு. கூவமும் அடையாறும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. பக்கிங்ஹாம் கால்வாய் வடக்குத் தெற்காகக் கடலுக்கு இணையாகப் போகிறது. பறக்கும் ரயில் பாதை பெரும்பகுதி அதை ஒட்டியே போகும். அண்ணா சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக கிண்டி வரை வந்து ஜிஎஸ்டி ரோட்டோடு சேர்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலை மேற்கே போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஓஎம்ஆரும் தெற்கே. இவ்வளவையும் ஒரு வெள்ளைத் தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். உங்கள் வீடு, பள்ளி, சித்தப்பா வீடு மூன்றையும் குறியுங்கள். ஒவ்வொரு முறை புது இடம் போய் வந்ததும் அதில் சேர்த்துக்கொண்டே வந்தால் வருஷக் கடைசியில் ஊர் உங்கள் தலைக்குள் இருக்கும். போனைப் பார்த்துக்கொண்டே போனவர்களுக்கு அது வாய்க்காது.

முகவரி தேடும்போது சென்னைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பல தெருக்களில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள். 12-க்குப் பக்கத்தில் 27 இருக்கும். முகவரி வாங்கும்போதே "பழைய நம்பரா, புது நம்பரா?" என்று கேட்டு, பக்கத்தில் என்ன கோயில், என்ன பள்ளி, எந்தக் கடை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வழி கேட்க நல்ல ஆட்கள் இஸ்திரி வண்டிக்காரர்கள். அந்தத் தெருவில் யார் எந்த மாடி என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் கேன் போடுபவர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், பெட்டிக்கடை அக்கா என்று எல்லோரும் சொல்வார்கள். "அண்ணா, இந்தத் தெரு எங்கே வரும்?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள், மூன்றாவது ஆளிடம் கூச்சம் இருக்காது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்ப்பதும் நல்லது.

பஸ் விஷயத்தில், உங்கள் நிறுத்தத்தில் நிற்கும் பஸ் எண்களை எழுதி வையுங்கள். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை போகும், ஊரைக் குறுக்கே பார்க்க அதில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் போதும். எண்ணுக்குப் பின்னால் 'கட்' என்று போட்டிருந்தால் அந்த பஸ் முழு வழியும் போகாது, பாதியிலேயே திரும்பிவிடும். ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். அரசு மற்றும் உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. பெண்களுக்கு சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. மெட்ரோவில் ஆப் இல்லாமலே கவுன்ட்டரில் காகித டிக்கெட் வாங்கலாம். அடிக்கடி போவதென்றால் சிங்காரச் சென்னை கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதை மாநகரப் பேருந்துகளிலும் பயன்படுத்தலாம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலுக்கு மாணவர்களுக்கான சீசன் டிக்கெட்டைக் கவுன்ட்டரில் எடுத்துவிட்டால் மாதம் முழுக்கக் கவலையில்லை.

சைக்கிள் ஓட்டுபவர் என்றால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கும் இலவச சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. எடுத்துத் துடைத்து, காற்றடித்து, பஞ்சர் ஒட்டுவதையும் சைக்கிள் கடைக்காரரிடம் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். இரவு நேரத்துக்கு மட்டும் தெருமுனை ஸ்டாண்டில் வீட்டாருக்குத் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் எண் நோட்டில் இருக்க வேண்டும்.

காசுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரச் செலவுக்கு ரொக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்களும் சில்லறையும் எப்போதும் இருக்கட்டும், கண்டக்டரும் கடைக்காரரும் வாழ்த்துவார்கள். பர்ஸில் ஒரு நூறு ரூபாயைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

மாலை ஆறிலிருந்து பத்து வரை

போனை விட்டவர்கள் திரும்பிப் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். பகலில் பள்ளி இருக்கிறது. சாயங்காலம் வந்து, டிபன் சாப்பிட்டு, படிப்பும் முடிந்த பிறகு கை எதையோ தேடும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். அது இயல்பு என்று தெரிந்துகொண்டால் தாங்கலாம். அந்த நேரத்துக்கு என்று கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

நூலகத்தில் சேருங்கள். நம் ஊரில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவிலேயே முதலில். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், ஆகவே உங்கள் பகுதிக் கிளை நூலகம் உங்கள் வீட்டுப் பணத்தில் நடப்பதுதான். முதலில் அங்கே போங்கள், சின்னதாக இருந்தாலும் நடந்து போகலாம், நூலகர் முகம் பழகும். பெரிய இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே நம் சொந்தப் பாடப்புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கவும் தனி இடம் இருக்கிறது, பொதுத்தேர்வுக் காலத்தில் அதைவிட அமைதியான இடம் கிடைக்காது. எழும்பூரில் 1896-ல் ஆரம்பித்த கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை முழுவதையும் அங்கே கழிக்கலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. சொந்தமாகப் புத்தகம் வேண்டுமானால் திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு.

பாட்டுக்கு ரேடியோ. விரும்பிய பாட்டு விரும்பிய நேரத்தில் வராது என்பது முதலில் குறையாகத் தெரியும். அப்புறம் எதிர்பாராமல் ஒரு பாட்டு வரும்போது ஏற்படும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை என்பது என் அனுபவம். சென்னைக்கும் ரேடியோவுக்கும் பழைய உறவு. 1924-லேயே இங்கே ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பியது, வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ல் வந்தது. இப்போது எஃப்எம் 101.4-ல் அகில இந்திய வானொலியின் ரெயின்போ கேட்கலாம். 90.4-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004-லிருந்து நடக்கிறது. மார்கழி மாதத்தில் சபாக்களில் பிற்பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. இளம் பாடகர்கள் பாடுவார்கள், உங்கள் வயதுக்காரர்கள்கூட மேடையில் இருப்பார்கள்.

கைவேலை ஒன்றைப் பிடித்துக்கொள்வதையும் வற்புறுத்திச் சொல்வேன். சட்டைப் பட்டன் தைப்பது, சாம்பார் வைப்பது, மொட்டை மாடியில் தொட்டியில் கீரை போடுவது. இவை வீட்டு வேலையும்கூட. போன் எடுத்துக்கொண்ட நேரம் திரும்பக் கிடைக்கும்போது அதில் கொஞ்சம் வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா மகள் இரவுத் தோசையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட பிறகுதான் அக்கா இந்த முடிவை மனதார ஏற்றுக்கொண்டாள்.

ஞாயிறுகளுக்கு ஊருக்குள்ளேயே நிறைய இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் அங்கே கூழைக்கடாவும் பூநாரையும் பார்க்கலாம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். மாணவர்களே நடத்தும் அமைப்பு ஒன்று பல வருஷமாக இரவில் கடற்கரையோரம் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கிறது, பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். மணலில் வெளிச்சம் ஆமைகளைக் குழப்பும் என்பதால் டார்ச்சோ போனோ அங்கே அனுமதி இல்லை. வீட்டில் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நண்பர்களைச் சந்திப்பது

"வந்துட்டு இருக்கேன்" என்று அனுப்ப முடியாது. அதனால் இடமும் நேரமும் முன்கூட்டியே துல்லியமாக இருக்க வேண்டும். "பீச்சில் பார்ப்போம்" என்றால் பார்க்கவே முடியாது. "ஞாயிறு ஐந்து மணி, எலியட்ஸ் பீச்சில் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குக் கீழே, இருபது நிமிடம் வரை காத்திருப்போம்" என்று பேசிக்கொள்ளுங்கள். வாரா வாரம் அதே இடம், அதே நேரம் என்று வைத்துவிட்டால் யாரும் யாரையும் அழைக்கவே வேண்டாம். வர முடியாதவர் வரமாட்டார், அடுத்த வாரம் வருவார்.

சில நண்பர்கள் விலகிப் போவார்கள். அது வருத்தம்தான், மறைக்கத் தேவையில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். அஞ்சலட்டை 50 காசுதான், மதுரையில் இருக்கும் மாமா பெண்ணுக்கு ஒன்று எழுதிப் போட்டுவிட்டுப் பதில் வருகிறதா பாருங்கள். போன் வைத்திருக்கும் நண்பர்களைக் குறை சொல்ல மட்டும் வேண்டாம். உங்கள் முடிவு உங்களுக்கு.

பன்னிரண்டாம் வகுப்பும் பழைய போனும்

பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் கணினி தேவைப்படும். நுழைவுத் தேர்வு விண்ணப்பங்கள், ஹால் டிக்கெட் எல்லாம் இணையத்தில்தான். பொறியியல் கலந்தாய்வும் 2018-லிருந்து முழுக்க ஆன்லைன். ஆனால் இது எதற்கும் ஸ்மார்ட்போன் அவசியமில்லை. வீட்டுக் கணினி போதும். அது இல்லாதவர்களுக்குப் பொறியியல் சேர்க்கைக்கு உதவி மையங்கள் இருக்கின்றன, சான்றிதழ்களுக்கு இ-சேவை மையம் இருக்கிறது. கடைசித் தேதிகளை ஜனவரியிலேயே காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள். ஞாபகப்படுத்த நோட்டிஃபிகேஷன் எதுவும் வராது.

பழைய போனை அலமாரியில் வைக்காதீர்கள், கை போய்விடும். வீட்டில் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். கொடுக்கும் முன் செட்டிங்ஸில் உங்கள் கூகுள் கணக்கை முதலில் நீக்குங்கள், அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறிவிட்டால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது அது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.